பரணில் தேடிய கதை நேரம்

தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருக் குப்பையைப் பெருக்குவதற்கு முன் நான் அதைப் படித்துவிடுவேன். சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கும் இந்தப் பழக்கம் இருந்திருக்கும். சரவெடியின் சின்னக் குழாய்களைப் பழைய தாளில்தான் உருட்டுவார்கள். வெடித்துச் சிதறிய துண்டுகளில் பாதித் தலைப்பு, யாரோ ஒருவரின் ராசிபலன், ஏதோ ஓர் ஊரின் மழை அளவு, தேதி தெரியாத ஒரு திங்கட்கிழமை என்று கிடக்கும். அவற்றைப் பொறுக்கி ஒட்டவைத்துப் பார்ப்பது எனக்கு விளையாட்டு. பிறகு அதுவே என் வேலையாகிப் போனது.

ஊடக வரலாறு படிக்க வந்தபோதுதான் அந்தக் குப்பையின் பொருள் விளங்கியது. மற்ற ஊர்களில் பழைய பத்திரிகையைக் கறையான் தின்னும், மழை நனைக்கும், மளிகைக் கடை பொட்டலமாக்கும். எங்கள் வட்டாரத்தில் அது குழாயாக உருண்டு வெடி ஆபீசுக்குப் போய்விடும். தமிழ்நாட்டுக்கே காலண்டரும் டைரியும் சினிமா போஸ்டரும் அச்சடித்துக் கொடுத்த ஊரில், 20 வருடத்துக்கு முந்தைய ஒரு வாரப் பத்திரிகையின் தொலைக்காட்சிப் பக்கத்தைத் தேடி நான் மாதக்கணக்கில் அலைந்தேன்.

நான் தேடியது இயக்குநர் பாலு மகேந்திராவின் ‘கதை நேரம்’. நூற்றாண்டு மாறிய அந்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் சன் டிவியில் வந்த வாராந்திர நிகழ்ச்சி. வாரத்துக்கு ஒரு சிறுகதை. அன்றே தொடங்கி அன்றே முடிந்துவிடும். மொத்தம் 52 கதைகள், அதோடு சரி. தொடர் என்ற சொல்லே அதற்குப் பொருந்தாது, ஏனென்றால் ஒரு வாரத்து ஆட்கள் அடுத்த வாரம் வரமாட்டார்கள். அதை எப்படி எடுத்தார்கள், அதில் யார் என்ன வேலை செய்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

திரைப்படம் என்றால் தடம் பிடிப்பது எளிது. தணிக்கைச் சான்றிதழ் ஒன்று இருக்கும். படத்தின் பெயர், தேதி, நீளம், தயாரிப்பாளர் எல்லாம் அதில் பதிவாகியிருக்கும். போஸ்டர் இருக்கும், அதன் அடியில் அச்சகத்தின் பெயர் பொடி எழுத்தில் இருக்கும். சிவகாசிக்காரனுக்கு அந்தப் பொடி எழுத்தே முகவரி. புத்தகம் என்றால் இன்னும் எளிது. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் பிரதியும் கன்னிமாரா உள்ளிட்ட பொது நூலகங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். தொலைக்காட்சி நாடகத்துக்கு இந்த இரண்டும் இல்லை. தணிக்கை வாரியத்துக்கு அது போவதில்லை, எந்த நூலகத்துக்கும் அதன் பிரதியைக் கொடுக்க வேண்டியதில்லை. ஒளிபரப்பான அரை மணி நேரத்தோடு அதன் பொது வாழ்வு முடிந்துவிடுகிறது. மிஞ்சுவது அதைப் பற்றி அச்சான தாளும், யாராவது வீட்டில் பதிந்து வைத்த கேசட்டும்தான்.

தாளில் தொடங்கினேன். சென்னை தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனி மனிதர் சேர்த்த அச்சுச் செல்வத்தின் மேல் எழுந்த நூலகம் அது. அப்படியொரு மனிதர் தொலைக்காட்சிக்கு வாய்க்கவில்லை. எனக்குக் கைகொடுத்தது வேறொரு தமிழ் வழக்கம். வார இதழ்த் தொடர்கதைகளை அத்தியாயம் அத்தியாயமாகக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைப்பார்களே, அந்தத் தொகுப்புகள். கிழித்தவர்களுக்கு வேண்டியது கதைப் பக்கம். ஆனால் தாளுக்கு இரண்டு பக்கம் உண்டு. கெட்டி அட்டையும் துணி முதுகும் போட்ட அந்தத் தொகுப்புகளை வாங்கி, நாயகியும் நாயகனும் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு அதன் பின்பக்கத்தை மட்டும் படித்துக்கொண்டு போனேன். சமையல் குறிப்பு, வாசகர் கடிதம், பற்பசை விளம்பரம், நடுவே எப்போதாவது தொலைக்காட்சி. அப்படி ஒரு பின்பக்கத்தின் ஓரத்தில் ‘கதை நேரம்’ என்ற இரண்டு சொல்லைப் பார்த்த மதியம், இரண்டாம் வகுப்பில் சரவெடித் துண்டு பொறுக்கிய அதே சந்தோஷம் எனக்கு வந்தது.

அடுத்தது கேசட். திருத்தங்கல்லில் ஒரு காலத்தில் டெக்கும் கேசட்டும் வாடகைக்கு விட்டு, பிறகு கேபிள் இணைப்பு கொடுத்துப் பிழைத்த பெரியவர் ஒருவரின் பரணில் ஏறினேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவர், நான் ஒவ்வொரு கேசட்டாக நீட்ட நீட்ட அதன் முதுகைத் தடவிப் பார்த்தார்.

“என்ன அண்ணாச்சி பாக்குறீங்க?”

“இந்த ஓரத்துல சின்னதா ஒரு பிளாஸ்டிக் துண்டு இருக்கும் தம்பி. அத ஒடச்சு விட்டுட்டா மேல பதிய முடியாது. ஒடச்சிருந்தா அத யாரோ வச்சிக்கணும்னு நெனச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஒடைக்காததெல்லாம் ஓடிக்கிட்டே இருக்குற கேசட்டு.”

ஆவணக் காப்பகவியல் பாடத்தில் எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தந்ததில்லை. எது காக்கப்பட வேண்டியது என்று ஒரு வீட்டுக்காரர் எடுத்த முடிவு, நகத்தளவு பிளாஸ்டிக்கில் பதிவாகியிருக்கிறது.

எனக்குக் கிடைத்த கேசட்டில் அந்தத் துண்டு உடையாமல் இருந்தது. லேபிளில் நீல மையில் ‘கதை நேரம்’. போட்டுப் பார்த்தால் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை அழைப்பு, தாலி கட்டு, பந்தி, மொய் எழுதும் மேசை. முழுக்க ஓடவிட்டேன், காரணம் உண்டு. மேல் பதிவு முடிந்த இடத்துக்குப் பிறகு பழைய பதிவின் மிச்சம் சில சமயம் தப்பியிருக்கும். கல்யாண வீட்டுக்காரர்கள் கைகூப்பி வழியனுப்பியதும் படம் மழையாகக் கொட்டியது. பிறகு ஓர் உள்ளறை. சன்னல் வெளிச்சம். ஒரு பெண்ணின் பக்கவாட்டு முகம். வசனம் இல்லை, இசை இல்லை, எங்கோ ஒரு பாத்திரம் வைக்கும் சத்தம் மட்டும். முப்பது நாற்பது விநாடிதான் இருக்கும். நாடா தீர்ந்துவிட்டது. ஆய்வில் இதை நான் சான்றாக வைக்க முடியாது, வைக்கவும் இல்லை. ஆனால் அந்த வெளிச்சத்தை யார் விட்டிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. விளக்கை நம்பாமல் சன்னலை நம்பிய ஒளிப்பதிவாளர் பாலு மகேந்திரா.

இனி, உறுதியாகச் சொல்லக்கூடியவை.

பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழியில் 1939-இல் பிறந்தவர். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்துத் தங்கப் பதக்கம் வாங்கியவர். தொலைக்காட்சி அவருக்குப் புதிதில்லை. ‘சந்தியா ராக’த்தை 1989-இல் தூர்தர்ஷனுக்காகத்தான் எடுத்தார். சொக்கலிங்க பாகவதரும் அர்ச்சனாவும் ஓவியர் வீர சந்தானமும் நடித்த அந்தப் படத்துக்குத் தேசிய விருது கிடைத்தது. 1997-இல் ‘ராமன் அப்துல்லா’ வந்தது. அதற்கு அடுத்த தமிழ்ப் படமான ‘ஜூலி கணபதி’ 2003-இல்தான். இந்த இடைவெளியில் வந்தது ‘கதை நேரம்’. திரையுலகக் கணக்கில் அவை படமில்லாத வருடங்கள். நான் அவற்றை அப்படிப் பார்க்கவில்லை. 52 முறை கதை தேர்ந்து, திரைக்கதை எழுதி, வீடு பிடித்து, ஆள் தேடி, படம்பிடித்து, வெட்டி ஒட்டியவருக்கு அதைவிட வேலை நிறைந்த காலம் வேறு இருந்திருக்காது.

அந்தக் காலத்துத் தொலைக்காட்சியை நினைவுபடுத்திக்கொண்டால் அவர் செய்ததன் தைரியம் தெரியும். அதே சன் டிவியில் 1999 டிசம்பரில் ராதிகாவின் ‘சித்தி’ தொடங்கி, 2001 வரை 450-க்கும் மேற்பட்ட பகுதிகள் ஓடியது. சித்தி ஓடும் நேரத்தில் எங்கள் தெருவில் தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்கும் அக்காக்கள் அடுக்குச் சட்டத்தோடு டிவி இருக்கும் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். கை தன்பாட்டுக்கு அடுக்கும், காது உள்ளே இருக்கும். நீண்ட தொடருக்கு ஒரு பெரிய வசதி உண்டு. வீட்டை ஒருமுறை பிடித்தால் போதும், ஆளை ஒருமுறை தேர்ந்தால் போதும், பார்ப்பவரின் பழக்கமே மறுநாள் அவரைக் கூட்டி வரும். வாரம் ஒரு கதை என்றால் ஒவ்வொரு வாரமும் எல்லாமே புதிது. முந்தைய வாரத்தில் சேர்த்த எதுவும் அடுத்த வாரத்துக்கு உதவாது. தொலைக்காட்சியில் சிறுகதை நீண்ட நாள் நிற்காததற்கு ரசனைக் குறைவைக் காரணம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தயாரிப்புக் கணக்கே அதற்கு எதிராக இருக்கிறது.

அப்படியிருந்தும் எப்படி முடிந்தது? திருவண்ணாமலை வம்சி பதிப்பகம் ‘கதை நேர’த்தை நூலாக்கியபோது மூலச் சிறுகதை, திரைக்கதை, குறுந்தகடு மூன்றையும் சேர்த்துக் கொடுத்தது. ஆய்வாளனுக்கு அதைவிடப் பெரிய கொடை இல்லை. கதையை ஒரு கையிலும் திரைக்கதையை மறு கையிலும் வைத்துக்கொண்டு எதை விட்டார், எதை வைத்தார் என்று பார்க்கலாம். சுந்தர ராமசாமியின் ‘பிரசாதம்’ இந்த வரிசையில் வந்த ஒன்று. அவசரமாக ஐந்து ரூபாய் தேவைப்படும் ஒரு போலீஸ்காரர், தபால் பெட்டியருகே அவர் கையில் மாட்டும் ஓர் அர்ச்சகர். இரண்டு பேர், ஒரு தெரு, ஒரு தபால் பெட்டி. மாலனின் ‘தப்புக் கணக்கு’ இன்னொன்று. கதைகளை அடுக்கிப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று புலப்பட்டது. ஒரு வாரத்தில் எடுத்து முடிக்கக்கூடிய கதை என்பது எளிய கதை என்று பொருளாகாது. ஆளும் இடமும் குறைவாக இருந்து, மனசுக்குள் நடப்பது மட்டும் அதிகமாக இருக்கும் கதை அது. நல்ல தமிழ்ச் சிறுகதையின் இலக்கணமே ஏறத்தாழ அதுதான். காமிராவும் படத்தொகுப்பும் இயக்கமும் ஒரே ஆளிடம் இருந்ததால் விவாதத்தில் நேரம் போகவில்லை. மௌனிகா பல கதைகளில் நடித்தார். அரங்கம் போடவில்லை, நிஜ வீடுகளில் எடுத்தார்கள்.

ஆனால் படப்பிடிப்புக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. 52 கதைகள் எடுக்க வேண்டுமானால் அதற்குப் பல மடங்கு கதைகளை யாராவது படித்தாக வேண்டும். திரையில் பெயர் ஓடும்போது அந்த வேலைக்கென்று தனியாக ஒரு தலைப்புப் போடுவதில்லை. ‘படித்தவர்’ என்று எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை. என் தேடலில் அதிக நாள் பிடித்தது இந்த ஆளைத் தேடத்தான். பதிலோ எல்லாரும் அறிந்த ஒருவரின் பேட்டிகளில் கண்ணெதிரே இருந்தது. பின்னாளில் இயக்குநரான வெற்றிமாறன், லயோலாவில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தபோது பாலு மகேந்திராவிடம் உதவியாளராகச் சேர்ந்தது இந்தக் காலத்தில்தான். சிறுகதைகளைப் படித்து அவற்றின் சுருக்கத்தை எழுதிக் கொடுப்பது தொடக்கத்தில் தன் வேலையாக இருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். காமிராவுக்குப் பக்கத்தில் நிற்பதற்கு முன் அவரை மேசையில் உட்கார வைத்திருக்கிறார் குரு.

ஒரு சிறுகதையை ஒரு பக்கத்துக்குள் அடக்கிப் பார்த்தவர்களுக்கு அந்த வேலையின் கடுமை தெரியும். அழகான வாக்கியங்களெல்லாம் உதிர்ந்துவிடும். என்ன நடக்கிறது, யாருக்கு என்ன வேண்டும், எங்கே முறிகிறது என்பது மட்டும் நிற்கும். சில கதைகளில் எதுவுமே நிற்காது. அதைத் திரும்பத் திரும்பச் செய்த கை பிறகு என்ன செய்தது என்று பாருங்கள். மு. சந்திரகுமாரின் ‘லாக்கப்’ 2015-இல் ‘விசாரணை’ ஆனது. ஜெயமோகனின் ‘துணைவன்’ ‘விடுதலை’யின் விதையானது. பூமணியின் ‘வெக்கை’ 2019-இல் ‘அசுரன்’ ஆகி, சிறந்த தமிழ்ப்படத்துக்கும் சிறந்த நடிகருக்கும் தேசிய விருதுகளை வாங்கியது. தொலைக்காட்சியில் 52 வாரம் மட்டும் உயிரோடிருந்த ஒரு நிகழ்ச்சியின் வாசிப்பு மேசையிலிருந்து இந்த வரிசை தொடங்குகிறது என்பதுதான் என் முடிவு.

‘வெக்கை’யிடம் வந்ததும் நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். பூமணி கோவில்பட்டிக்காரர், எங்கள் கரிசல் மனிதர். கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர். 1982-இல் வந்த அந்த நாவலில் கொலை செய்துவிட்டுத் தகப்பனோடு காட்டுக்குள் ஓடும் பதினைந்து வயதுப் பையனுக்கு வெடி செய்யத் தெரியும். எங்கள் வட்டாரத்தில் அதைப் படிக்கும் எவருக்கும் அது வியப்பாக இருக்காது. சாகித்திய அகாதமி விருது பெற்ற ‘அஞ்ஞாடி’ நாவலுக்காக, 1895 கழுகுமலைக் கலவரத்தையும் 1899 சிவகாசிக் கலவரத்தையும் தேடி ஆவணங்களுக்குள் இறங்கியவர் அவர். இந்த மண்ணில் பழைய தாளைத் தேடி அலைபவர்களுக்கெல்லாம் முன்னோடி.

அவர் காமிராவுக்குப் பின்னாலும் நின்றிருக்கிறார். தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்துக்காக அவர் எழுதி இயக்கிய ஒரே படம் ‘கருவேலம் பூக்கள்’. மழை பொய்த்த கரிசல் குடும்பமும், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் அந்த வீட்டுச் சிறுமியும்தான் படம். நாசரும் ராதிகாவும் சார்லியும் நடித்தார்கள். தீக்குச்சி அடுக்கிக்கொண்டே எங்கள் தெரு ‘சித்தி’யில் பார்த்த அதே ராதிகாவின் முகம், தீப்பெட்டிக்குப் பிள்ளையை அனுப்பும் ஊரின் தாயாகவும் நடித்திருக்கிறது. முதலாவதை எங்கள் ஊர் நாள் தவறாமல் பார்த்தது. இரண்டாவதைப் பார்த்த ஆட்களைத் தேடினால் எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகளைப் பற்றிச் சலம் பென்னூர்க்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற 1990-ஆம் ஆண்டு ஆவணப்படத்துக்கும் இதே நிலைதான். ஆறு வயதில் பெட்டி ஒட்டிய பெண்கள் இன்று பாட்டிகளாகிவிட்டார்கள். தங்களைப் பற்றி எடுத்த படத்தைத் தாங்கள் பார்த்ததில்லை. இது எனக்கு ஆறவே இல்லை. விருதுநகரில் பிறந்த காமராசரின் வாழ்வு 2004-இல் படமானது, ஆங்கிலத்துக்குப் போனது, கூடுதல் காட்சிகளோடு 2015-இல் மறுபடி திரைக்கு வந்தது. அது நடக்க வேண்டியதுதான். அந்தச் சிறுமிகளின் படமும் இதே ஊரில் ஒருமுறையாவது ஓடியிருக்க வேண்டும்.

பாதுகாப்பு என்ற பேச்சு வரும்போது, எல்லாம் இணையத்தில் இருக்கிறதே என்கிறார்கள். ‘கதை நேர’த்தின் சில கதைகள் இணையத்தில் இருப்பது உண்மை, அவற்றைப் போட்டவர்களுக்கு நான் கடன்பட்டவன். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ ஆகிய படங்களின் மூல நெகடிவ்கள் அழிந்துபோனதைப் பற்றி பாலு மகேந்திரா தன் கடைசி வருடங்களில் பொதுவில் வேதனையோடு பேசினார். தேசிய விருது வாங்கிய திரைப்படங்களுக்கே அந்தக் கதி. அவர் 2014 பிப்ரவரி 13-இல் காலமானார். வாராந்திர நிகழ்ச்சி ஒன்றின் நாடாவுக்காகப் பேச அப்படி ஒருவர் இனி இல்லை.

புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-இல் தொடங்கியது. இப்போது அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. ‘கருவேலம் பூக்க’ளுக்குப் பணம் போட்ட நிறுவனமும் பழைய படங்களைக் காக்கும் காப்பகமும் இன்று ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அந்தப் படத்தைச் சீரமைத்து விருதுநகரிலும் சாத்தூரிலும் கோவில்பட்டியிலும் பொதுமக்களுக்குத் திரையிட வேண்டும் என்பது என் கோரிக்கை. தொலைக்காட்சி நாடகங்களுக்கு, நூல்களுக்கு 1954-இல் வந்ததுபோல, பிரதி ஒப்படைக்கும் சட்டம் வர வேண்டும் என்பது இன்னொன்று.

அதுவரை வீடுகள்தான் காப்பகம். சிவகாசி வெடிக்கு ஏற்ற ஊரானது இந்த வறண்ட காற்றால். அதே வறண்ட காற்றில் நாடாவுக்குப் பூஞ்சணமும் சீக்கிரம் பிடிக்காது. ஓட்டுக்கு அடியில் கொதிக்கும் வெக்கைதான் அதற்குப் பகை. எனவே இந்தத் தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது பரணில் இருக்கும் வீடியோ கேசட்டுகளைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் அவற்றை நிழலான அறைக்கு இறக்கி, படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள். லேபிளில் கல்யாணம் என்று எழுதியிருந்தாலும் கடைசி வரை ஓடவிட்டுப் பாருங்கள். முதுகில் இடது ஓரத்துத் துண்டு உடைந்திருந்தால், உங்கள் வீட்டில் யாரோ ஒருவர் அதை வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒருநாள் நினைத்திருக்கிறார். அவர் யாரென்று கேட்டு, அவர் சொல்வதை ஒரு தாளில் எழுதி அந்தக் கேசட்டோடு சேர்த்து வையுங்கள்.